சிலுவைக் குறி போடாத எல்போ

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேலை பார்ப்பது கணக்கு டீச்சராக. அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் வட்டம் போட்டே கை பழகிவிட்டது. எங்கள் வீட்டுக்குக் குழாய் வேலை செய்த பிளம்பரை மூன்று முறை நன்றாகத் திட்டியிருக்கிறேன். அந்த மூன்றில் ஒன்றுகூட நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வீடு கட்டியதே அப்பாவுக்காகத்தான். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனபோது நாங்கள் கடலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக் குளியலறைக்கு ஓர் உயரமான படி, ஒற்றை ஆள் நுழையும் வாசல். அப்பாவை நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தில் நின்றுகொண்டே வாழ்நாள் முழுவதும் கழித்தவர், யாரையும் ஒரு கை பிடி என்று கேட்டதில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். டம்ளரை வாங்குவார், உதட்டை நனைப்பார், கீழே வைத்துவிடுவார். குடித்தால் எங்களைத் தூக்கவைக்க வேண்டுமே என்ற கணக்கு. அதனால் இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் அப்பாவைத் திட்டினேன். அப்பா சிரித்துக்கொண்டே அரை டம்ளரை மிச்சம் வைத்தார்.

எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் கிடைத்ததும், அங்கே சும்மா கிடந்த எங்கள் மனையில் வீடு கட்ட ஆரம்பித்தோம். என்ஜினீயர் வரைபடம் போடுமுன் நான் முதலில் வரைந்து கொடுத்தது அப்பாவின் குளியலறையை. வீல்சேர் நுழையும் வாசல், படியில்லாத தரை, சுவரில் பிடித்து எழுந்துகொள்ளக் கைப்பிடி, உட்கார்ந்தபடியே இடது கையால் எட்டி எடுக்க ஒரு கை ஷவர். மற்ற அறைகளெல்லாம் எப்படி வந்தாலும் சரி என்றேன்.

பிளம்பர் எங்கள் கடலூர்க் கிறிஸ்தவக் கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் கோயிலில் ஆண்டவரின் சுரூபத்தை ஏணி வைத்துச் சிலுவையிலிருந்து இறக்கும் நாலு பேரில் அவர் ஒருவர். அவ்வளவுதான் அவரை எனக்குத் தெரியும். வேலைக்குக் கூப்பிட்டபோது கடலூரிலிருந்து பைக்கிலேயே வந்துபோவதாகச் சொன்னார்.

முதல் திட்டு ஒரு சனிக்கிழமை. வேலையைப் பார்க்கப் போனவள், சுவரில் பதித்திருந்த பைப்புகளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஒவ்வொரு இணைப்பின் மேலும் கறுப்பு மார்க்கரால் குட்டியாக ஒரு சிலுவை.

"என்னாண்ணே இது? வீடு மந்திரிக்கச் சாமியாரு வருவாரு. அதுக்குள்ள நீங்களே பைப்பையெல்லாம் மந்திரிச்சிட்டீங்களா? பக்திக்கு ஒரு அளவு வாணாம்?"

அவர் சிரித்தார். "பக்தியெல்லாம் இல்ல டீச்சர். சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டேங்கறதுக்கு அடையாளம்."

பிறகு விளக்கினார். முதலில் பைப்புகளைச் சும்மா மாட்டி அளவு பார்ப்பார்களாம். சரியாக இருந்தால் கழற்றி, பசை தடவி ஒட்ட வேண்டும். அந்தப் பசையைத்தான் சொல்யூஷன் என்கிறார்கள். சும்மா மாட்டியதும் ஒட்டியதும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒட்டிய கையோடு குறி.

"அதுக்கு ஒரு டிக் போட்டா ஆவாதா?"

"டிக்கு போட்டா நீங்க திருத்துன பேப்பரு மாதிரி ஆயிடும் டீச்சர். டிக்க பழக்கத்துல கையி தானா போட்டுட்டுப் போவும். ஒட்டாம சிலுவை போட எனக்குக் கையி வராது."

அன்றிலிருந்து அவர் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் விடையோடு நிற்காமல் வழிமுறையையும் சுத்தமாக எழுதியிருந்தால் எனக்கு ஒரு மகிழ்ச்சி வரும். அதே மகிழ்ச்சிதான் இங்கேயும். சுவருக்குள் மறையப்போகிற பைப்பை ரசமட்டம் வைத்து நேராகப் பதித்தார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "நாளைக்கு யாராச்சும் படம் மாட்ட ஆணி அடிப்பாங்க. பைப்பு கோணலா போனா எங்க போவுதுன்னு அவுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இன்னும் பிறக்காத ஒரு ஆணிக்காக இந்த மனுஷன் கவலைப்படுகிறாரே என்று இருந்தது.

சுவரை மூடுமுன் அளவு டேப்பை அருகில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுப்பார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அதைவிட முக்கியம், பைப்பில் தண்ணீர் நிரப்பி, கைப் பம்ப்பால் அழுத்தி, முள் உள்ள ஒரு மீட்டரை மாட்டி ஒரு நாள் முழுக்க விடுவார். முள் ஒரு மயிரிழை இறங்கினாலும் வேலையைத் திரும்பச் செய்வார். டைல்ஸ் போட வந்தவர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர், சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், கேலிக்குப் பஞ்சமில்லாதவர். "எங்க மச்சான் அந்த முள்ளுக்கு முன்னாடி ஒக்காந்து ஜெபமாலையே சொல்லி முடிச்சிடுவாரு டீச்சர்" என்பார். பிளம்பர் அதற்கும் சிரிப்பார்.

இரண்டாவது திட்டு, பெரிய வியாழனன்று, போனில். இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை டைல்ஸ் ஒட்ட வருகிறார்கள். அந்த வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது, கை ஷவருக்கான குழாய் முனை ரொம்ப உயரத்தில் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு எட்டாது என்று. உயரம் சொன்னது நான்தான். நிற்கிற மனுஷருக்குக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"நாளைக்கு வந்து எறக்கிக் குடுத்துடுங்கண்ணே."

"நாளைக்குப் பெரிய வெள்ளி டீச்சர்."

எங்கள் ஆட்களில் நிறையப் பேர் அன்றைக்குச் சுத்தியல் தொடமாட்டார்கள். ஆண்டவரின் கையில் ஆணி அடித்த நாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கா கேக்கறேன்? கையி வெளங்காத மனுஷன் குளிக்கறதுக்குக் கேக்கறேன். ஆண்டவரு ஒண்ணும் கோச்சுக்கமாட்டாரு. நீங்கதான் சாக்குச் சொல்றீங்க" என்று பொரிந்து தள்ளினேன்.

வந்தார். ஒருசந்தியாக, வெறும் வயிற்றோடு, காலையிலேயே சிதம்பரம் வந்துவிட்டார். அந்த பைப் கீழேயிருந்து மேலே ஏறுவது. அதனால் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. பைப்பை வெட்டிக் குறைத்து, முனையில் முழங்கை போல வளைந்திருக்கும் எல்போவைத் திருப்பி மாட்டினால் போதும். சுத்தியல் தேவைப்படாமலே செய்கிறேன் என்று அவருக்கும் ஒரு நிம்மதி.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை மடியில் செத்ததுபோல் போட்டுக்கொண்டு இடது கையால் எட்டிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் கீழ." அவர் கழற்றி வெட்டி மாட்டினார். "இல்ல, பக்கவாட்டுல திரும்பட்டும்." திரும்பவும் கழற்றினார். "போச்சு, இப்ப ரொம்ப எறங்கிடுச்சே." புதுத் துண்டு வைத்து நீட்டினார். இப்படி ஆறேழு முறை. மணி ஒன்று தாண்டியது. மூன்று மணிக்குக் கடலூர்க் கோயிலில் வழிபாடு. ஏணி பிடிக்கிறவர் எங்கே என்று போன் மேல் போன். கடைசியில் நான் "இதுதான் சரி!" என்று கத்தினேன். அவர் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்தார், பையைச் சுருட்டினார், பைக்கில் ஏறிப் போய்விட்டார். நான் இடது கையை நீட்டி நீட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை டைல்ஸ் ஒட்டினார்கள். ஈஸ்டர் போயிற்று. பெயின்ட், கதவு, மின்விசிறி என்று வாரங்கள் ஓடின. மே மாதம் தண்ணீர் விட்டோம். எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைப்பிடியையும் சுவரில் முடுக்கியாயிற்று. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிக்கச் சாமியாரிடம் நாள் வாங்கினோம். மாடி வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டோம். அப்பா நாட்காட்டியில் அந்த ஞாயிற்றைக் காட்டச் சொல்லி தினமும் பார்த்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் இன்னும் அரை டம்ளர்தான்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, நான் புது வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது பிளம்பர் வந்து நின்றார். அன்றைக்கு அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

"ஒங்களுக்கு அனுப்பறதுக்குப் படத்தையெல்லாம் அடுக்கிட்டு இருந்தேன் டீச்சர். இத பாருங்க."

போனில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அப்பாவின் குளியலறைச் சுவர். பெரிய வெள்ளியன்று எடுத்தது. பைப் தெரிகிறது, டேப் தெரிகிறது, எல்போ தெரிகிறது. எல்போவின் மேல் சிலுவை இல்லை.

"ஒட்டாம விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். டெஸ்ட்டும் போடல அன்னைக்கு. ஒரு டைல்ஸ ஒடச்சிப் பாக்கணும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாவது திட்டு இதுதான். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அந்த டைல்ஸில் மிச்சம் இருப்பதே இரண்டு. ஒட்டுகிறவரோ திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். "ரெண்டு வாரமா தண்ணி வருது, ஒரு சொட்டு ஒழுகல. ஒட்டியிருப்பீங்க, குறி போட மறந்திருப்பீங்க!"

"இருக்கலாம் டீச்சர். அப்படி இருந்தா நல்லதுதான். ஆனா தெரியலையே."

"யாருக்குத் தெரியப்போவுது? பேசாம சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?"

இதைச் சொன்னது நான். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்து, சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் எதையும் மறைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். சொன்ன பிறகு எனக்கே காது கூசியது, ஆனாலும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடியைக் காட்டினார். "அதே சுவருதான் டீச்சர். அப்பா அதப் புடிச்சித்தான் எழுந்திருப்பாரு. மோட்டாரு வேகமா ஏத்துற அன்னைக்கு எல்போ கழண்டுக்கலாம். இல்ல, கசிஞ்சி கசிஞ்சி சுவரு உள்ளுக்குள்ளயே ஊறிப்போவும். திருகாணிக்குப் புடிமானம் இருக்காது. ஒரு நாளு கையோட பேந்துகிட்டு வந்துடும்."

நான் கையிலிருந்த துடைதுணியைக் கீழே போட்டேன்.

"ஆண்டவர சிலுவையிலேர்ந்து எறக்கணும்னு ஓடனேன்" என்றார் மெதுவாக. "அவரு வேலைய இங்க அரைகொறையா விட்டுட்டு ஓடியிருக்கேன்."

"அவரு வேலையா? இது எங்கப்பா பாத்ரூம்."

"ஆமா டீச்சர். அதத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை வெள்ளிக்கிழமை வந்தார். அந்த ஒரே ஒரு டைல்ஸின் நாலு ஓரத்தையும் கட்டரால் அறுத்து, பக்கத்து டைல்ஸில் ஒரு கீறல் விழாமல், துண்டு துண்டாக எடுத்தார். உள்ளே இருந்த சிமென்ட் பூச்சு ஒரு கையகலத்துக்குக் கறுத்து ஈரமாக இருந்தது. அதைச் சுரண்டினார். தண்ணீரை அடைத்துவிட்டு எல்போவை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். கையோடு வந்துவிட்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அன்றைக்கு உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடியோடு அப்பா விழுவது கண்முன் வந்து வந்து போனது. கூடவே, "சொல்லாமலே இருந்திருக்கலாம்ல" என்ற என் குரலும்.

"நான்தாண்ணே ஒங்கள வற்புறுத்தி வரவச்சேன். நாந்தான் மேல கீழன்னு நேரத்தக் கடத்துனேன்" என்றேன்.

"ஒட்டவேண்டியது நீங்க இல்லையே டீச்சர். நான்தான ஒட்டணும்" என்றார். அதில் எனக்கு ஆறுதல் சொல்லும் நோக்கமும் இல்லை, தன்னை நொந்துகொள்ளும் நாடகமும் இல்லை. கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டுவதுபோலச் சொன்னார்.

பைப்பை உலரத் துடைத்தார். பசை தடவி எல்போவை ஏற்றி, அது பின்னுக்கு நழுவிவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் அவர் உதடு அசைந்ததா என்று பார்த்தேன், இல்லை. முழு கவனமும் கையில்தான் இருந்தது. விட்டபிறகு மார்க்கரை எடுத்துச் சிலுவை போட்டார். படம் எடுத்தார். பசை இறுகக் காத்திருந்துவிட்டு, மத்தியானம் பம்ப்பையும் முள் மீட்டரையும் மாட்டினார்.

அதோடு போகவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டின் மற்றச் சுவர்களின் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு இணைப்பையும் காட்டினார். "நீங்களும் பாருங்க. என் கண்ண நான் இப்ப நம்பல" என்றார். விடைத்தாள் திருத்தும் கண்ணோடு பார்த்தேன். எல்லாவற்றிலும் குறி இருந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில், மொட்டை மாடிக்கு ஏறும் மூலையில், ஒரு மனுஷர் கண்ணும் இனிமேல் படாத இடங்களிலெல்லாம், நேர்க்கோடாக, பிசிறில்லாமல். அப்போது எனக்கு அந்த மனுஷர்மேல் வந்த மரியாதை சாதாரணமானதல்ல. பூசையில் கண்ணை மூடி நிற்கும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருத்தி. அந்த எல்லோரையும்விட இவர் தன் விசுவாசத்தை உண்மையாகச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையிலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாமே என்று ஒரு முறை கேட்டுப்பார்த்தேன். என் புத்தி அப்படி. "மதியம்தான் டீச்சர் ஒரு நாளு ஆவும்" என்றுவிட்டார். மத்தியானம் முள் வைத்த இடத்திலேயே நின்றது.

டைல்ஸ்காரர் கல்யாண வீட்டு லட்டுப் பையோடு வந்து சேர்ந்தார். "என்னா மச்சான், நல்லா இருந்த டைல்ஸ ஒடச்சிப்புட்டியாமே? பொழுது போவலியா?" என்று ஆரம்பித்தவர், சுவரில் இருந்த ஈரக் கறையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அந்த ஒரு டைல்ஸை ஒட்டிவிட்டு மட்டம் பார்த்தார், எடுத்தார், திரும்ப ஒட்டினார், திரும்ப மட்டம் பார்த்தார். திங்கள் காலைவரை இங்கே தண்ணீர் படக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அப்பாவின் குளியலறைக்கும் வந்தார். பிளம்பர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் மட்டும் புதிதாக ஒட்டிய டைல்ஸின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கூடத்தில் வீல்சேரில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினார். யாரோ கொடுத்த ஜூஸ் கையில் அப்படியே சூடேறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பிளம்பர் திரும்பவும் வந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கினார். நல்ல கனமான ஆள். கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினார். கைப்பிடி அசையவில்லை. ஷவரைத் திறந்து மூடினார். "அப்பாவ வரச் சொல்லுங்க" என்றார்.

வீல்சேரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். அப்பா கைப்பிடியை இடது கையால் பிடித்து, என் கணவர் தோளில் லேசாகச் சாய்ந்து, எழுந்து குளியல் நாற்காலிக்கு மாறினார். பிறகு இடது கையை நீட்டினார். எட்டியது. ஷவரை எடுத்துத் தானே தலையில் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, போங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் அழுதேன். பிளம்பர் அதைப் பார்க்காததுபோல் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

துவட்டி, வேட்டி கட்டி அப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். பழக்கதோஷத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மிச்சம் வைக்கப்போகிறாரே, முழுதாக ஊற்றி என்ன பிரயோசனம் என்றுதான் எப்போதும் அரை டம்ளர். அப்பா ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொள்ளாமலே டம்ளரை என் பக்கம் நீட்டினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு தடித்துத்தான் வரும். ஆனால் அன்றைக்கு வாசலில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நெறையா ஊத்து."